கரிசல் காட்டுக்குத் திரும்பிய பார வண்டி

விருதுநகரில் பிரிந்து தென்காசியை நோக்கிச் செல்லும் ரயில் பாதை 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு தெற்கே இறங்கும் அந்தப் பாதையில் வலப்புறத்து ஜன்னலோரம் அமர்ந்த பிரயாணிக்கு மேற்குத் தொடர்ச்சி மலை நெடுந்தூரம் துணைவரும். இடப்புறத்து ஜன்னலோரம் அமர்ந்தவருக்கோ, மண் சிவப்பிலிருந்து சாம்பலாகவும் சாம்பலிலிருந்து கறுப்பாகவும் மாறிக்கொண்டே போய், கண்ணுக்கெட்டிய மட்டும் மரமற்ற வெளியாக விரிவதே காட்சி. இவ்விரு பிரதேசங்களும் சந்திக்கும் இடத்தில் அமைந்த ஊர் சங்கரன்கோவில். அதற்கு மேற்கே புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டங்களும் குளத்துப் பாசன நெல்லும் இருக்க, கிழக்கே குருவிகுளம், கழுகுமலைப் பக்கம் வானத்தை மட்டுமே நம்பிய பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் விளைகின்றன. திருநெல்வேலி ஜில்லாவின் பகுதியாக நெடுங்காலம் இருந்து, 2019இல் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சேர்ந்த தாலுகா இது.

இவ்வூருக்கு வருபவர்களில் பெரும்பாலோர் சங்கரநாராயணரைத் தரிசிக்க வருகிறவர்களே. சிவனும் திருமாலும் ஒரே திருமேனியில் காட்சி தரவேண்டுமென்று கோமதி அம்மன் தவமிருந்த ஸ்தலம் என்பது ஐதிகம். ஆடித்தபசு விழா அந்தத் தவத்தின் நினைவாகவே நடைபெறுகிறது. ஒன்பது நிலை ராஜகோபுரத்தையும், பிரசாதமாகத் தரப்படும் புற்றுமண்ணையும் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு விசேஷமாகத் தோன்றுவது, விழாவன்று சம்சாரிகள் என்று இங்கே வழங்கும் குடியானவர்கள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வற்றலையும் தானியத்தையும் அம்மன் முன்னிலையில் வாரி இறைக்கும் வழக்கம்தான். பஸ் வசதி பெருகாத காலத்தில் அந்த ஜனங்கள் அனைவரும் வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள். ஊரைச் சுற்றியிருந்த பொட்டல்களில் மாடுகளை அவிழ்த்துக் கட்டி, வண்டியின் நிழலிலேயே சமைத்து உண்டு, தபசுக் காட்சி முடிந்த பின்னரே திரும்பினார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டேன்.

நான் சென்றது விழாக்காலத்தில் அன்று; பங்குனி முடியும் தறுவாயில். தரிசனத்தை முடித்துக்கொண்டு நான் நாடிச் சென்றது ஒரு பார வண்டியை. கழுகுமலைச் சாலையிலிருந்து விலகிச் செல்லும் ஒரு சிற்றூரில், பாட்டனார் காலத்து வண்டி ஒன்றைப் பேரனாகிய சம்சாரி, காட்சிப் பொருளாக நிறுத்துவதற்காக அன்றிக் காட்டு வேலைக்கே பயன்படுத்துவதற்காகச் செப்பனிடுகிறார் என்று நண்பர் ஒருவர் தெரிவித்திருந்தார். நகரங்களில் ஹோட்டல் வாசல்களிலும் கல்யாண மண்டபங்களிலும், மெருகெண்ணெய் பூசிய வண்டிச் சக்கரங்கள் சுவரில் சாய்ந்து நிற்பதைக் கண்டு கண்டு மனம் சலித்திருந்த எனக்கு, பாரம் சுமப்பதற்காகவே ஒரு பழைய வண்டி மறுபடி எழுகிறது என்னும் செய்தி, அந்த ஊருக்குப் புறப்படப் போதுமான காரணமாக இருந்தது.

வண்டி ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. அது கூண்டு வண்டியுமன்று, சவாரிக்குரிய வில்வண்டியுமன்று. எருவும் பருத்திப் பொதியும் கூளமும் ஏற்றுவதற்கென்றே செய்த திறந்த பார வண்டி. கோவில்பட்டியில் 1901இல் தோன்றிய விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இந்தக் கரிசலுக்கேற்ற பருத்தி ரகங்களை ஆராய்ந்து கொண்டிருந்த அந்தத் தலைமுறையில், கருங்கண்ணிப் பருத்தியை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் நடந்து சந்தைக்குச் சென்ற வண்டிகளில் இதுவும் ஒன்று என்று சம்சாரி சொன்னார். வெகுகாலம் மழையிலும் வெயிலிலும் கிடந்ததால் தளத்துப் பலகைகள் உளுத்துப்போயிருந்தன. ஒரு சக்கரத்தில் வட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, இடைவெளியில் விரல் நுழையும்படி நின்றன. ஆரக்கால்களைக் கையால் பற்றி ஆட்டியபோது சில, தளர்ந்த பற்களைப்போல் அசைந்தன. ஆனால் குடங்கள் இரண்டும் கல்லாக இருந்தன. செப்பனிடும் வேலையை ஏற்றிருந்த தச்சு ஆசாரியார் கொட்டாப்புளியால் குடத்தைத் தட்டி, காதை அருகில் வைத்துக் கேட்டுவிட்டு, "வாகை மரம் அண்ணாச்சி. உள்ளுக்குள்ள ஒரு கீறல்கூட இல்ல. இது இன்னும் ஒரு தலைமுறைக்கு வரும்" என்றார்.

சக்கரத்தின் அமைப்பை ஓரளவு விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். நடுவே குடம், அதில் துளையிட்டுச் செருகிய ஆரக்கால்கள் பன்னிரண்டு, அவற்றின் வெளிமுனைகளைத் தாங்கி வளையமாக நிற்கும் வட்டைகள் ஆறு, ஒவ்வொரு வட்டைக்கும் இரண்டு ஆரக்கால்கள். இவை அனைத்தையும் வெளிப்புறமிருந்து இறுக்கிப் பிடித்திருப்பது இரும்புப் பட்டை. சக்கரம் முழுவதிலும் மரத்தோடு மரத்தைப் பிணைக்க ஓர் ஆணியோ பசையோ கிடையாது. கழுந்தும் துளையும் தம்முள் பொருந்துவதும், பட்டையின் இறுக்கமுமே அதன் பலம். குடத்துக்கு வாகை, ஆரக்காலுக்கும் வட்டைக்கும் நாட்டுக் கருவேலம், மாட்டின் கழுத்தில் படியும் நுகத்தடிக்கு எடை குறைந்த மஞ்சணத்தி என்று ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி மரம் தேர்ந்த முன்னோரின் விவேகத்தை என்னென்பது! வெடிக்காத மரம் ஓரிடத்தில் வேண்டும். அடியைத் தாங்கும் மரம் ஓரிடத்தில். ஜீவனுள்ள தோலை உறுத்தாத மரம் மற்றோரிடத்தில்.

மாற்றவேண்டிய வட்டைகளுக்காக வைத்திருந்த கருவேலக் கட்டைகள், குளத்துச் சேற்றில் மாதக்கணக்கில் ஊறவைத்து, பின் நிழலில் காயவைத்தவை. சாறு வெளியேறாத மரத்தில் புழு விழும், வெயிலில் பிளக்கும் என்பது காரணம். சாலையோரமெங்கும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம் இதற்கு உதவுமா என்று நான் வினவியபோது, ஆசாரியார் தலையை மட்டும் அசைத்து மறுத்தார். வளைந்த வட்டையை வாய்ச்சியால் செதுக்கிக்கொண்டிருந்த அவர் கை, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரே அளவு சிராயை எடுத்தது. கட்டையின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே வளைவும் ஓடும்படி முன்பே தேர்ந்திருந்தார். நாரை அறுத்துச் செய்த வட்டை முதல் கல்லிலேயே உடையும் என்றார்.

பழைய உறுப்புக்களில் எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றைக் கழிப்பது என்பதில் அவருக்கும் சம்சாரிக்கும் சிறு வாக்குவாதம் ஒன்று நான் இருக்கையிலேயே நிகழ்ந்தது. ஏர்க்காலின் மேல் பாட்டனார் காலத்தில் செதுக்கிய கொடிவேலைப்பாடு ஒன்று இருந்தது. அதை எவ்வாறாவது காப்பாற்றவேண்டும் என்பது சம்சாரியின் ஆசை. ஆனால் அந்த மரத்தின் அடிப்பாகம், தெப்பக்கட்டையோடு சேரும் இடத்தில், செல்லரித்திருந்தது.

"வண்டிக்கு வயசு முக்கியமில்ல அண்ணாச்சி. பாரம் தாங்குதான்னுதான் பாக்கணும். எரு ஏத்திட்டுப் போகையில ஏர்க்கால் ஒடிஞ்சா மாடு ரெண்டும் கால் முறிஞ்சு கிடக்கும்" என்றார் ஆசாரியார்.

சம்சாரி சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "சரி, மாத்திருங்க" என்றார்.

ஆசாரியார் சொன்னதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். புராதனப் பொருளைக் காப்பவர்களுக்கு அசல் உறுப்பே பிரதானம். அதைத் தொடக்கூடாது என்பார்கள். பொருட்காட்சிச் சாலைக்கு அது பொருந்தும். உழைக்கும் வண்டிக்கோ, அதன் உறுப்புக்கள் தேயவும் மாறவுமே பிறந்தவை. இந்த வண்டியின் பட்டையும் கடையாணியும் பாட்டனார் நாளிலேயே பலமுறை மாறியிருக்கும். மாறாமல் வந்தது அதன் அளவும் பொருத்தமும், அவற்றை அறிந்த கைகளுமே. காலம் கடத்தாமல் காக்கவேண்டியது அந்தக் கைகளின் வித்தையை. வண்டியைச் சுவரில் மாட்டினால் அந்த வித்தைக்கு வேலையே இல்லாமற் போகும்.

இந்தக் காலத்தில் டயர் வண்டி இருக்க, இரும்புப் பட்டைச் சக்கரம் எதற்கு என்னும் கேள்வி எழுவது சகஜம். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராயிருந்த என். எஸ். ராமசாமி, மாட்டுவண்டியை நவீனப்படுத்துவதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர். நாட்டில் ஒன்றரைக் கோடி வண்டிகள் ஓடிய 1970களில், மாடுகளின் சிரமத்தைக் குறைக்க இலகுவான சக்கரமும் உருளை அச்சும் கழுத்தை உறுத்தாத நுகமும் வேண்டுமென்று அயராது வாதித்தார். தார்ச்சாலையைப் பொறுத்தமட்டில் அவர் கட்சியே சரி: காற்றடைத்த டயர் இழுக்க எளிது; இரும்புப் பட்டையோ சாலையையும் கெடுக்கும், மாட்டையும் வாட்டும். ஆனால் இந்தச் சம்சாரியின் வண்டி சாலைக்குப் போகப்போவதில்லை. வீட்டிலிருந்து காட்டுக்குப் போகும் வண்டிப்பாதையின் இருமருங்கும் சீமைக்கருவேல முள். டயர் வண்டி வைத்திருந்த பக்கத்துக் காட்டுக்காரர், பஞ்சர் ஒட்டியே கைக்காசு கரைந்ததாகச் சொன்னார். முள்ளுக்கு அஞ்சாதது இரும்புப் பட்டை ஒன்றே. டிராக்டரை வாடகைக்குப் பிடிக்கலாமே என்றால், இரண்டு மூன்று ஏக்கர் புஞ்சைக்குச் சிறுகச் சிறுக எரு கொண்டுபோவதற்கும், அன்றன்று கூளம் கொண்டுவருவதற்கும் எந்த டிராக்டர்காரரும் வரமாட்டார் என்பது பதில்.

பட்டை கட்டும் நாளன்று அதிகாலையிலேயே அங்கே போய்விட்டேன். காற்றெழுமுன் நெருப்பு மூட்டவேண்டும் என்று கொல்லர் சொல்லியிருந்தார். ஐந்தடி உயரமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய பதினாறு அடி. பட்டையின் உட்சுற்று அதைவிட முக்கால் அங்குலம் குறைவாக இருக்கும்படி கயிறு பிடித்து அளந்து, வளைத்து, முனைகளைப் பற்றவைத்திருந்தார். உலைக்களத்தில் இரு முனைகளையும் காய்ச்சி அடித்தே ஒட்டவைப்பது பழைய முறை. இப்போது வெல்டிங் கடையில் அந்தக் காரியம் நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நிகழ்வதில் மட்டும் எந்த மாறுதலும் இல்லை.

தரையில் பட்டையைக் கிடத்தி, அதன் வட்டம் முழுவதும் மேலும் கீழும் வரட்டிகளை அடுக்கித் தீ வைத்தார்கள். வரட்டியின் நெருப்பு அவசரப்படாத நெருப்பு. சுற்று முழுவதும் ஒரே சீராகக் காய்வதற்கு அதைவிட உகந்தது வேறில்லை. சக்கரம் பக்கத்தில், குடம் குழிக்குள் இறங்கும்படி கற்களின் மேல் படுக்கவைக்கப்பட்டிருந்தது. சாம்பலுக்குள் இரும்பு கோவைப்பழ நிறம் கொண்டதும், கொல்லரும் இன்னும் மூவரும் நீண்ட குறடுகளால் நான்கு பக்கமும் கவ்வித் தூக்கி, ஒரே மூச்சில் கொண்டுவந்து சக்கரத்தின்மேல் இறக்கினார்கள். செந்தணலாய்க் காய்ந்த இரும்பு ஓர் அங்குலத்துக்குமேல் நீண்டிருந்தபடியால், குறைவாக அளந்த அதே பட்டை இப்போது சற்றுத் தாராளமாகவே மரத்தைச் சூழ்ந்தது. பட்ட இடமெல்லாம் மரம் புகைந்து சுடர்விட்டது. சம்மட்டிகள் வட்டமாகச் சுற்றிவந்து பட்டையைச் சமமாக இறக்கின. "தண்ணி, தண்ணி" என்று கொல்லர் குரல் கொடுக்க, வாளியும் தவலையுமாகக் காத்திருந்த பெண்களும் பிள்ளைகளும் நாற்புறமும் ஓடி ஓடி ஊற்றினார்கள். அப்பொழுது ஆவிக்குள்ளிருந்து ஒரு முனகல் எழுந்தது. குளிர்ந்து சுருங்கும் இரும்பு, விலகி நின்ற வட்டைகளை ஒன்றோடொன்று நெருக்க, வட்டைகள் ஆரக்கால்களைக் குடத்துக்குள் அழுத்த, ஒவ்வொரு கழுந்தும் தன் துளைக்குள் மயிரிழை மயிரிழையாக இறங்கிய ஒலி அது. முன்தினம் விரல் நுழைந்த இடத்தில் இப்போது தாளின் விளிம்பும் நுழையவில்லை. தாமதித்திருந்தால் மரம் கரிந்திருக்கும். பட்டை அளவு மிஞ்சிக் குறைந்திருந்தால் ஆரக்கால்கள் வளைந்து சக்கரமே கோணியிருக்கும். அந்த முக்கால் அங்குலத்தைக் கொல்லர் எந்தப் புஸ்தகத்திலும் பார்க்கவில்லை. மரத்தின் காய்ச்சலைக் கையால் தொட்டுப் பார்த்தே நிர்ணயித்தார்.

சக்கரமே இல்லாத வாகனங்களையும் இவ்வாறே உழைப்புக்காகப் பேணுகிறவர்கள் உலகில் உண்டு. கனடாவிலும் அமெரிக்காவின் வட மாகாணங்களிலும், இரண்டு ஜோடிச் சறுக்குக் கட்டைகளின்மேல் தளம் அமைத்துக் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டிகளில்தான் முன்னாளில் விறகும் வைக்கோலும் வெட்டுமரமும் ஏற்றிச் சென்றார்கள். அவற்றின் அடியில் தைத்த இரும்புத் தகடு தேயத்தேய மாற்றிக்கொண்டு, இன்றும் குளிர்காலப் பண்ணை வேலைக்கு ஓட்டும் குடியானவர்கள் இருக்கிறார்கள். பனிப்பொழிவே காணாத நம் பிரதேசத்திலும் சறுக்கி ஓடும் சாதனம் ஒன்று உண்டு. சேற்று வயலைச் சமன்செய்ய மாடு பூட்டி இழுக்கும் பரம்புப் பலகைதான் அது. மேற்கே குளத்துப் பாசன வயல்களில் அதன்மேல் ஏறி நின்று ஓட்டுவதைப் பார்க்கலாம். காய்ந்து கட்டிதட்டும் கரிசலிலோ சக்கரம் இன்றி ஓரடி நகர முடியாது.

அச்சைப் பொருத்தும் வேலை பிற்பகலில் நடந்தது. உப்பு ஏற்றிச் செல்லும் உமணர்கள், வழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று கருதி வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வார்களென்பதை உவமையாக்கி, ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புறநானூற்றில் போற்றியிருக்கிறார். நுகம் அறியாத இளமாடு, பாரம் மிகுந்த வண்டி, இனி வரும் வழியின் நிச்சயமின்மை ஆகிய கவலைகள் எத்தனை பழமையானவை! இந்த வண்டியின் அச்சு இரும்பு, முறிவதற்கில்லை. ஆயினும் குடத்தின் துளையில் செருகிய இரும்புக் குழலும் அச்சும் உராய்ந்து தேயாமலிருக்க மசகு வேண்டும். வைக்கோலைக் கரித்து, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த பசை அது. மூங்கில் குழாயில் அடைத்து வண்டியடியில் தொங்கவிடுவது பழைய வழக்கம். இப்போது டிராக்டர் கிரீஸ் டப்பா கடையில் கிடைத்தாலும், வீட்டுப் பாட்டியம்மாள் தம் கையாலேயே மசகு குழைத்துக்கொடுத்தார்.

வண்டி எழுந்தாலும் மாடு வேண்டுமே! 2012, 2019ஆம் ஆண்டுகளின் கால்நடைக் கணக்கெடுப்புக்களின்படி, அந்த இடைவெளியில் நாட்டில் ஆண்மாடுகள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது குறைந்துவிட்டன. தென்மாவட்டங்களில் காளைகள் ஓரளவு எஞ்சியிருப்பது வண்டிப் பந்தயங்களின் புண்ணியத்தால். ஆசாரியாருக்கும் வருஷத்தில் பெரும்பகுதி வேலை பந்தய வண்டி செய்வதுதான்; எடை குறைந்த, பாரம் அறியாத வண்டிகள் அவை. அந்த உற்சாகத்தை நான் குறைகூறவில்லை. ஆயினும் ஓட்டத்துக்கு மட்டுமே வளர்த்த காளைக்கு எரு வண்டியின் நிதானம் தெரியாது. சம்சாரி இதை உணர்ந்து, உழவு பழகிய ஜோடி ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தார். பாரமிழுக்கும் பிராணிகளுக்காக 1965இல் மத்திய அரசு வகுத்த விதிகள், நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, 37 டிகிரிக்கு மேல் வெயில் காயும் பிரதேசத்தில் நடுப்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை பூட்டக்கூடாது என்று சொல்கின்றன. இந்த ஊரில் விதியைப் படித்தவர் எவருமில்லை. ஆனால் உச்சிவெயிலில் மாட்டை அவிழ்த்துவிடாதவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று பாட்டியம்மாள் சொன்னார்.

மறுநாள் காலையில் வண்டி கட்டினார்கள். நுகத்தடியை உயர்த்தியதும் மாடுகள் தாமாகவே தலை கொடுத்தன, பூட்டாங்கயிற்றை இட்டார்கள். குப்பைக்கிடங்கிலிருந்து எருவை ஏற்றும்போது ஆசாரியார் பின்னால் நின்று மேற்பார்த்தார். முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும். கடைசிக் கூடைகள் இரண்டை முன்னிருந்து பின்னுக்குத் தள்ளச் சொன்னார். ஏர்க்காலை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துத் திருப்தியடைந்தார். வண்டி நகர்ந்தது. புதிய வட்டையும் பழைய குடமும் சேர்ந்து எழுப்பிய ஓசையில் ஆட்டமோ தளர்ச்சியோ இல்லை. பாதையைவிட்டுக் காட்டுக்குள் இறங்கி, வெடிப்பு விட்ட கரிசலின் மேல் சக்கரங்கள் தடம் பதித்துச் செல்ல, நாங்கள் பின்னால் நடந்தோம். தூரத்து மூலையில் நிறுத்தி, எருவைக் குவியல் குவியலாகத் தட்டி, வெயிலேறுமுன் இன்னும் ஒரு நடை கொண்டுவந்தார்கள்.

விடைபெறும்போது ஆசாரியார் சம்சாரிக்குச் சொன்ன எச்சரிக்கைகள் மூன்று நினைவில் இருக்கின்றன. கோடையில் மரம் வற்றிச் சுருங்கும். குளத்தில் தண்ணீர் கிடந்தால் வாரத்துக்கொரு முறை சக்கரம் முழுகும்படி வண்டியை இறக்கி நிறுத்தவேண்டும், இல்லாவிடில் நனைந்த சாக்காவது சுற்றவேண்டும். கடையாணியை ஒவ்வொரு பூட்டுக்கும் தொட்டுப் பார்க்கவேண்டும். புது வட்டை முதல் வருஷத்தில் எப்படியும் சற்று இளகும்; அடுத்த சித்திரையில் பட்டையைக் கழற்றி, கால் அங்குலம் வெட்டி, மறுபடி காய்ச்சிக் கட்டவேண்டும்.

"சித்திரை பிறந்ததும் கொண்டாரேன். நீங்க இருக்கணுமே ஆசாரி" என்றார் சம்சாரி.

"நான் இல்லாட்டி என்ன, தண்ணி ஊத்துனானே அந்தப் பய, அவன் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தான்" என்று தம் பேரனைக் காட்டினார் ஆசாரியார். பையன் அப்போது, கழித்துப்போட்ட பழைய வட்டை ஒன்றைத் தரையில் கிடத்தி, புதிதாகச் செதுக்கியதை அதன்மேல் வைத்து வளைவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்; கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்திலிருந்து இன்னொருவர் கொண்டுவந்து போட்டிருந்த சக்கரத்துக்கான வட்டை அது.